குளச்சலில் மூணு வருஷக் கடைசி!

ஆபீஸில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். வருஷக் கடைசி என்றால் மார்ச் 31. அன்றைக்கு ராத்திரி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் விளக்கு அணையாது. மானேஜர் பரோட்டா வாங்கித் தருவார். (அதை எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவார் என்பது வேறு விஷயம்!) ஒரு ரூபாய் நாற்பது பைசா எங்கேயோ இடிக்கிறது என்று விடிய விடியத் தேடுவோம். கடைசியில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பைப் போட்டு, தேறாததையெல்லாம் அதற்குள் தள்ளிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக ஞாபகம் இருக்கிற ஒரே சமாசாரம் இந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான்.

ஆனால், ஒரு ஊருக்கு ஒரே வருஷத்தில் மூணு கடைசி உண்டு என்பதைக் குளச்சலில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

என்னோடு நாகர்கோவிலில் பி.காம். படித்த நண்பன், இப்போது குளச்சலில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் வாத்தியார். படித்ததும் அதே பள்ளிக்கூடம்தான். காலேஜில் அவன் பேப்பரைப் பார்த்து நான் எழுதினேனா, என் பேப்பரைப் பார்த்து அவன் எழுதினானா என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வருஷா வருஷம் டிசம்பரில் போன் பண்ணுவான்.

"லேய் மக்கா, கிறிஸ்மசுக்கு முந்தி ஒரு தடவ எங்க ஸ்கூலுக்கு வா. அரைப் பரீட்சை லீவு விடுற அன்னைக்கு வா. வேற என்னைக்கும் வராத, கேட்டியா!"

"அன்னைக்கு என்னடா விசேஷம்?"

"வந்து பாருலே!"

போன டிசம்பரில் போய்விட்டேன்.

*

நாகர்கோவில் மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால், குளச்சல் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் அந்த இருபது கிலோமீட்டருக்குள் சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் மூன்றும் ஒரே டிக்கெட்டில் வந்துவிடும்.

முதலில் விஞ்ஞானம். வழியில் மணவாளக்குறிச்சி. இங்கே கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைத்து மூக்கைச் சுளிக்காதீர்கள். இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட் என்று வரிசையாகத் தாதுக்கள். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியல்காரர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பரிசோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிறு வாங்கினவனுக்குத் தோரியம் இனாம்! நம்ம ஊரில் அரிசி வாங்கினால் கல்தான் இனாம்.

அடுத்து மண்டைக்காடு. பகவதி அம்மன் கோயில். மாசிக் கொடையின்போது பெண்கள் இருமுடி கட்டி வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்று பெயர். இந்த ஊர்ப் பெயருக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1982 மார்ச் மாதம் இங்கே இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூடு வரை போய், உயிர்கள் பலியாயின. மாவட்டமே பல நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவரிடம் அதைப் பற்றி லேசாகக் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அது ஒரு கெட்ட காலம் தம்பி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

பஸ் குளச்சலுக்குள் நுழைந்தது. மூக்கு முதலில் இறங்கிவிட்டது. கருவாடு!

*

சரித்திரம் பாக்கி இருக்கிறதே... அதையும் முடித்துவிடுவோம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

1741-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையிலிருந்து கப்பலில் ஆட்களைக் கொண்டுவந்து குளச்சலில் இறக்கியது. மிளகு வியாபாரத்தில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவோடு தகராறு. ராஜாவின் படை வந்து வளைத்தது. ஆகஸ்ட் 10-ம் தேதி டச்சுப் படை தோற்றது. கடற்கரை மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாத்திக்கொண்டு வரிசையாக நின்றார்களாம். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அத்தனையும் துப்பாக்கி என்று நினைத்து நடுங்கிப்போனார்களாம். இப்படி ஒரு கதை இந்தக் கரையில் இன்னும் சொல்லப்படுகிறது. வெற்றித்தூண் இப்போதும் நிற்கிறது.

தோற்றவர்களில் ஒருவர் டிலனாய் என்ற தளபதி. அவரை ராஜா என்ன செய்தார் தெரியுமா? வேலைக்கு எடுத்துக்கொண்டார்! அதே மனிதர் 36 வருஷம் திருவிதாங்கூர் படையைப் பழக்கி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-ல் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. இன்டர்வியூவில் தோற்றவனைக் கூப்பிட்டு மானேஜர் உத்தியோகம் கொடுத்த கதை இது ஒன்றுதான்.

இந்த டிலனாயிடம் பழகித்தான் நீலகண்ட பிள்ளை என்ற அரண்மனை அதிகாரி 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

குளச்சல் பையன்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். மேடை நாடகத்துக்குக் கதை பஞ்சமே கிடையாது. டச்சுக்காரன் வேஷத்துக்குத்தான் போட்டி. காரணம்... தொப்பி!

*

பள்ளிக்கூட வாசலில் நுழைகிறபோதே ஒரு காட்சி. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி மாலை, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை. பதினாறு வயசு ஐயப்ப சாமி ஒருத்தர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்கு வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி... என்ன பண்றீங்க?"

"குடில் சார். பிளஸ் ஒன் ஏ. நாங்கதான் பர்ஸ்ட்டு" என்றார் சாமி, தலையைத் தூக்காமலே.

வகுப்புக்கு ஒரு குடில், போட்டி. இடுப்பளவு உயரத்தில் பெத்லகேம் நகரம். ஆனால் சூசையப்பரும் மாதாவும் உண்மையிலேயே இங்கே வந்தால் வழி தவறிவிடுவார்கள். ஒரு குடிலில் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலைத் தூவி, பெத்லகேமுக்குத் தார் ரோடு போட்டிருந்தார்கள். நடுவில் வெள்ளைக் கோடு வேறு! இன்னொன்றில் தொழுவத்துக்குப் பக்கத்தில் கட்டுமரம், காய்கிற வலை. ஒட்டகத்துக்கு முன்னால் ஒரு கூடை சாளை மீன்.

"ஒட்டகம் மீன் தின்னுமாடா?"

"இஞ்ச வந்தா தின்னும் சார்."

பதில் சொன்ன பையன் தொப்பி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு அப்படியே வந்தவன். குளச்சலில் மீனவக் கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் மூன்று பேரும் நெருக்கி அடித்துக்கொண்டு குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூட பெஞ்சிலும் அதே நெருக்கடிதான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கிறபோது, மற்றவர்களுக்குப் பக்கத்து அறையில் நன்னெறி. மணி அடித்ததும் எல்லா நெறிகளும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கும். மத்தியானம் நெத்தோலிப் பொரியல் யார் கொண்டுவருகிறானோ அவன்தான் அன்றைக்கு லீடர். மரச்சீனிக் கிழங்கு கொண்டுவருகிறவன் துணை லீடர்.

மாணவர் இயக்கங்களும் அப்படித்தான். கிறிஸ்தவ மாணவர்களுக்கு ஒய்.சி.எஸ்., எல்லோரும் சேர்ந்துகொள்ள ஒய்.எஸ்.எம். என்று ஒன்றுக்கொன்று உறவான இரண்டு இயக்கங்கள். வாராவாரம் கூடுவார்கள். 'பார், சிந்தி, செயல்படு' என்று மூன்று படி. "எங்க பயலுவ பார்க்கிறதும் செயல்படுறதும் பிரமாதம். நடுவுல உள்ளதுதான் கொஞ்சம் கஷ்டம்" என்றான் நண்பன்.

அப்புறம் 'கிறிஸ்மஸ் பிரண்ட்' என்று ஒரு கூத்து. டிசம்பர் முதல் வாரமே சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். உங்களுக்கு வந்த சீட்டில் யார் பெயரோ, அவருக்கு நீங்கள் ரகசிய நண்பன். யாரென்று காட்டிக்கொள்ளாமல் மூன்று வாரம் அவருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும், சின்னச் சின்ன உதவி செய்ய வேண்டும். கடைசி நாளில் ஐம்பது ரூபாய்க்குள் ஒரு பரிசோடு முகத்தைக் காட்ட வேண்டும். வாத்தியார்களும் இதில் சேர்த்தி. பி.டி. சாரின் பெயர், அவரிடம் வாரம் நாலு நாள் உதை வாங்குகிற ஒரு பையனுக்கு வந்துவிட்டது. மேடையில் எல்லோர் முன்னாலும் பொட்டலத்தைப் பிரித்தார் சார். உள்ளே... தலைவலித் தைலம்!

"எனக்கு எதுக்குடா?"

"விசில் ஊதி ஊதி உங்களுக்குத் தலை வலிக்கும்லா சார்..."

கைத்தட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. சார் அந்தப் பையனைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ஜனவரியில் என்ன நடந்ததோ, தெரியாது.

நாடகத்துக்கு வருவோம். ஏரோது மன்னனாக நம்ம மீன் தின்கிற ஒட்டகத்துக்காரப் பையன்தான். குரல் அப்படி! "எவன்லே அந்த ராஜா?" என்று அவன் கத்தினதில் முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதுவிட்டது. சூசையப்பருக்கு மைதாப் பசையில் ஒட்டின தாடி பாதியில் கழன்றது. பாவம், மிச்ச நாடகம் முழுக்க ஒரு கையால் தாடியையும் ஒரு கையால் கோலையும் பிடித்துக்கொண்டு நின்றார். மாதாவைத் தாங்கக் கை இல்லை!

இந்த நாடகத்தில் ஆட்டிடையர்கள் கிடையாது. "இஞ்ச பிள்ளையளுக்கு ஆட்டு மந்தையெல்லாம் படத்துலதான் தெரியும்" என்று, அதற்குப் பதில் ராத்திரி வலை இழுக்கிற மீனவர்களுக்கு வானதூதர் வந்து செய்தி சொல்கிறார். அவர்கள் தெர்மகோலில் செய்த ஒரு நெய்மீனைத் தூக்கிக்கொண்டு பாலனைப் பார்க்க வருகிறார்கள். பின்னாலேயே பொன், தூபம், வெள்ளைப் போளத்தோடு மூன்று ராஜாக்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆயாம்மா மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு விலைக்கு நெய்மீன்தான் பெரிய காணிக்கை."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நாடகம் முடிந்து கேக் வெட்டுகிறபோது, பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நண்பனைக் காணோம்.

*

ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் பரீட்சைப் பேப்பர் கட்டு. சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா இது? ஊரே கேக் தின்னுது. நீ பேப்பர் திருத்துற?"

"இன்னும் பதினாலு பேப்பர் இருக்கு. லீவு விடுறதுக்குள்ள கொடுக்கணும்."

"லீவு முடிஞ்சு ஜனவரியில கொடுத்தா ஆகாதா? எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தானே?"

அவன் பேனாவை மூடினான்.

நாங்கள் இரண்டு பேரும் 2004 டிசம்பரில் பத்தாங்கிளாஸ். நான் வேறு ஊரில். அவன் இதே கட்டடத்தில், மாடியில் கடைசி அறை. அரையாண்டுப் பரீட்சை எழுதிவிட்டு, இதே மாதிரி குடில் கட்டி, நாடகம் போட்டு, "ஜனவரியில பாப்போம்லே" என்று கத்திக்கொண்டே லீவுக்குப் போயிருக்கிறார்கள்.

26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மசுக்கு மறுநாள். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி அசைந்தபோது, நம்ம ஊரில் மணி காலை ஆறரைகூட ஆகவில்லை. அலை இங்கே வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் சொல்வதற்கு ஆளில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான். குளச்சல், கொட்டில்பாடு பக்கம் கடலுக்குப் பின்னாலேயே ஏ.வி.எம். கால்வாய் ஓடுகிறது. அனந்த பத்மநாபன், விக்டோரியா ராணி, மார்த்தாண்ட வர்மா மூவர் பெயரையும் சேர்த்து, 1860-களில் மகாராஜா காலத்தில் வெட்டின கால்வாய். கடலைப் பார்த்து ஓடினவர்களை அந்தக் கால்வாய் மறித்தது. மாவட்டம் முழுக்கச் செத்தவர்கள் சுமார் 800 பேர். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஒரே இடத்தில் கூட்டங்கூட்டமாக அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் அந்த நினைவிடங்களில் மெழுகுவத்தி எரிகிறது.

"ஜனவரியில ஸ்கூல் திறந்தாச்சு" என்றான் நண்பன். "கணக்கு சார் திங்கள்சந்தைப் பக்கம் வீடு. பேப்பர்க் கட்டு அங்ஙன பத்திரமா இருந்திருக்கு. கொண்டுவந்து கொடுத்தாரு. ஒவ்வொரு பேரா கூப்பிடுறாரு. வாங்கிட்டுப் போறோம். எல்லாம் கொடுத்து முடிஞ்ச பிறகு மேஜைல கொஞ்சம் பேப்பர் மிச்சம் கிடக்கு. யாரும் ஒண்ணும் பேசல்ல. சாரு அதைச் சுருட்டி அலமாரியில வச்சிட்டாரு."

பத்து நாள் கழித்து ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். வள்ளத்தில் போகிறவர். நண்பனோடு ஒரே பெஞ்சில் இருந்த பையனின் அப்பா. வகுப்பு லீடர் என்பதால் ஏதோ நோட்டு எடுக்கப் போன நண்பன், ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"சார், மோன் பரீட்சை எழுதியிருந்தானே... பாஸா?"

கணக்கு சார் அலமாரியைத் திறந்து பேப்பரை எடுத்தார். முதல் பக்கத்தில் வட்டம் போட்டு 34. பாஸ் மார்க் 35.

"முப்பத்தஞ்சு. பாஸ்" என்றார் சார்.

அவர் பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். தலைகீழாக. சார் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாராம்.

"இதுல அவன் எழுத்து எது சார்?"

"நீலத்துல உள்ளது எல்லாம் அவன் எழுதினது."

"செவப்பு?"

"அது நான் எழுதினது."

நீல எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாராம். அப்புறம் மடித்து, சட்டைப் பைக்குள் வைக்காமல், பனியனுக்கு உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"மார்க் ரிஜிஸ்டர்ல என்ன இருந்துது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். பி.காம். புத்தி.

"பாக்கல்ல. இன்னைக்கு வரை பாக்கல்ல" என்றான். "ஆனா ஒண்ணு கேட்டியா... அந்தப் பேப்பர் அவன் கையில கிடைச்சிருக்கணும்லே. பெயிலோ பாஸோ. ஒரு மார்க்குக்காக சார்ட்ட சண்டை போட்டிருப்பான். எனக்குத் தெரியும், கண்டிப்பா போட்டிருப்பான். அவன் எழுதினதுக்கு என்ன பதில்னு தெரியாமலே போயிட்டான். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே முடிவு பண்ணியாச்சு. ஜனவரிக்கு எதையும் வைக்கப்பிடாது."

பேனாவைத் திறந்தான். நான் எழுந்து போய், கூட்டல் சரிபார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். பதினாலு பேப்பர். இரண்டு பேருமாக முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். ஒரு பையனுக்கு நான் ஒரு மார்க் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று கண்டுபிடித்துத் திட்டினான். "தர்மம் பண்ணாதலே. கேட்டு வாங்கட்டும்."

நாலு மணிக்குக் கடைசி பெல். பேப்பர் கொடுத்தான். ஐயப்ப சாமிக்கு 71. வாங்கின நிமிஷமே, "சார்! இருப்புநிலைக் குறிப்புக்கு ஒரு மார்க் குறையுது!" என்று சண்டைக்கு வந்தார் சாமி. நண்பன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

*

"இது முதல் கடைசி. இன்னும் ரெண்டு இருக்கு" என்றான், சாயங்காலம் மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும்போது.

இரண்டாவது கடைசி மார்ச். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா. ஹால் டிக்கெட்டைக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்து ஜெபம். குரூப் போட்டோ. போட்டோவில் எட்டிப் பார்த்து யார் யார் பக்கத்தில் நிற்பது என்பதற்கு ஒரு வாரம் ரகசியப் பேச்சுவார்த்தை. ஆட்டோகிராப் நோட்டில் 'மறக்காதே நண்பா' என்று எழுதித் தந்துவிட்டு, ஏப்ரலிலேயே மறந்துவிடுவது. எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

மூன்றாவது கடைசியைத்தான் வேறு எந்த ஊர்ப் பள்ளிக்கூடக் காலண்டரிலும் பார்க்க முடியாது. மே 31, நள்ளிரவு.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கக் காலம். முன்பெல்லாம் 45 நாள்தான், 2017-லிருந்து 61. அன்றைக்கு ராத்திரிக்குள் படகுகள் கரைக்கு வந்துவிட வேண்டும். ஏப்ரல், மே லீவில் மாமாவோடு, சித்தப்பாவோடு 'சும்மா ஒரு நடை' என்று படகில் ஏறின பையன்களும் கூடவே வந்து இறங்குவார்கள். கையில் முதல் சம்பளம். பையில் புதுப் போன். அதில் ஒருத்தன், இரண்டு பேருக்கு ஜூனில் பள்ளிக்கூடம் ஞாபகம் வராது. ஆகஸ்டில் படகு ஞாபகம்தான் வரும்.

"அதனால ஜூன் மாசம் நாங்க துறைமுகத்துக்கு வருவோம்" என்றான். "படகு கட்டிக் கிடக்கும். பயலுவ வலை தச்சிட்டு இருப்பானுவ. ஓடி ஒளிய இடம் இல்ல. பிடிச்சிட்டு வருவோம். மீனுக்கு மட்டுமில்லலே, எங்களுக்கும் அதுதான் சீசன்!"

சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கிறதும், நோட்டு, பை, செருப்பு என்று செலவு வருவதும் அதே ஜூனில்தான். எந்த அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதல் இடம். மிச்சம் எட்டே கால் சதவீதத்தில் கொஞ்சம் பேர், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தவரைப் போல, இந்தக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. அதற்குத்தான் வாத்தியார் ஜூன் மாதம் கருவாட்டு வாசனையில் ஆள் பிடிக்கிறார்.

கடலுக்கும் டிசம்பருக்கும் ஏதோ பகை போலிருக்கிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோதும் இப்படித்தான். ஆழ்கடலுக்குப் போன இந்த மாவட்டத்துக்காரர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாள்கணக்கில் மாவட்டமே இருட்டில் கிடந்தது. அந்த டிசம்பரிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்தியிருக்கிறான்.

"குடில் கட்டினீங்களா?"

"கட்டாம? பிள்ளையளு கேட்டுதுவ. நட்சத்திரத்துக்குக் கரண்டு இல்ல. டார்ச் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டோம்."

துறைமுகத்தில் ஒரு படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த இளைஞன் "சார்!" என்று கை காட்டினான். பழைய மாணவன். பிளஸ் டூ முடித்து, டிப்ளமா படித்து, வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, இப்போது சொந்தப் படகில் பங்கு. "சார், ஜி.எஸ்.டி.யில ஒரு சந்தேகம்" என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டான். படகில் ஏறினாலும் படித்துவிட்டு ஏறின பையன். நண்பன் மீன் பெட்டி மேல் உட்கார்ந்து விளக்கம் சொன்னான். எனக்குப் புரியவில்லை. படகுக்காரனுக்குப் புரிந்துவிட்டது.

*

கடைசி பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தான். ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தும், ஒரு கவரும் கையில் திணித்தான்.

"கவர்ல என்னடா?"

"இருநூறு ரூவா. செகண்ட் இயர்ல பரீட்சை பீஸுக்கு உன்ட்ட வாங்கினேன்லா. மறந்துட்டியா?"

உண்மையிலேயே மறந்துபோயிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பஸ் நகர்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டான்.

"டிசம்பர் கடைசிலே! கணக்கை முடி!"

மண்டைக்காடு தாண்டும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்கு வீடு நட்சத்திரம் எரிந்தது. கோயில் பக்கமும் ஒரு கடையில் நட்சத்திரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் என் சஸ்பென்ஸ் அக்கவுண்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஊர் வீட்டைப் பாகம் பிரித்ததில் அண்ணனோடு ஒரு தகராறு. ஒன்றரை வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம், சித்திரைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்த விஷயம்.

போனை எடுத்தேன். வைத்தேன். மணவாளக்குறிச்சியில் மறுபடி எடுத்தேன்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான். எடுத்ததும், "என்னடா... பணம் எதுவும் வேணுமா?" என்றான்.

"இல்லண்ணே. சும்மாதான்" என்றேன். நாகர்கோவில் வருகிற வரை பேசிக்கொண்டே வந்தோம்.